சாட்சி சொன்ன பிறகு

நேசபாய்க்கு உட்காரத் தெரியாது என்பது மாங்கோட்டுவிளையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். நாற்காலி போட்டால் நுனியில் ஒட்டிக்கொள்வாள். கருப்பட்டிக் காப்பியை ஆறவிடும் பொறுமை கிடையாது. நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு, வாறேன் மக்கா என்று குடையை எடுத்துவிடுவாள். உபதேசியாராக இருந்த கணவர் விஷக்காய்ச்சலில் போனபிறகு, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் சபை அவளுக்குத் தந்தது. தக்கலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களான விளைகளில் எல்லாம் அவளுக்குப் பைபிள் அக்கா என்று பெயர். ஒரு கஷ்டத்தைக் காலையில் கேட்டால் மதியத்துக்குள் அதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த அவசரத்தால் அவள் ஊருக்குச் செய்த நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இரண்டையும் ஒரே பிள்ளைக்குச் செய்த கதை இது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிய மறுவருஷம், பனை சுரக்கத் தொடங்கியிருந்த சமயம். அடுத்த ஊருக்குக் குறுக்கு வழியாகப் போக நினைத்துப் பனங்காட்டுக்குள் நுழைந்த நேசபாய், ஜான்ரோஸ் என்ற பனையேறியின் விடிலியைக் கடந்தாள். விடிலி என்றால் அக்கானி காய்ச்சும் ஓலைக்கொட்டகை. பனையிலிருந்து இறக்கும் பதநீரைத்தான் அந்தப் பக்கத்தில் அக்கானி என்பார்கள். உள்ளே ஜான்ரோஸின் மனைவி ஜெபகனி வாயகன்ற பெரிய பானையில் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். கொட்டகைக் காலில் பனைநார்க் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை, எட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்றின் இடுப்பில் இருந்தது. பிள்ளை அந்தக் கொட்டகைக் காலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கயிறு தீர்ந்ததும் முட்டி நின்று, திரும்பி மறுபக்கமாகச் சுற்றியது.

நேசபாய்க்கு ரத்தம் கொதித்தது. பெற்ற பிள்ளையை மாடு மாதிரி கட்டிப்போடுவாயா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். ஜெபகனி மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"கெட்டாட்டா அடுப்பில விழுவா அக்கா," என்றாள். "நான் கிண்டவா, பிடிக்கவா?"

குளோரி என்ற அந்தப் பிள்ளை நடந்ததே ஐந்து வயதில். பேச்சு கிடையாது. மினுங்குவதும் அசைவதும் கண்ணில் பட்டால் போதும், ஓடிப்போய்க் கைவைத்துவிடுவாள். பொங்கிச் சுருளும் அக்கானி நுரையைவிட மினுங்குவது அந்தக் காட்டில் வேறு எதுவும் இல்லை. காலையில் ஜான்ரோஸ் இறக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பனைக்குப் போய்விடுவான். அக்கானி காத்திருக்காது, உடனே அடுப்பேற்றாவிட்டால் புளித்துவிடும். ஏற்றிய பிறகு, பாகாகி இறக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பிள்ளையைப் பார்த்து, மூளை வளர்ச்சி இவ்வளவுதான், இதற்கு மருந்தில்லை, உன்மேல் குற்றமும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். முன்பாதியை ஊர் ஏற்றுக்கொண்டது, பின்பாதியை ஏற்கவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்றாள் மாமியார். ஜான்ரோஸ் ஞாயிற்றுக்கிழமையும் பனையேறுகிறான், அதற்கான தண்டனை என்றார்கள் சபையில் சிலர். ஞாயிற்றுக்கிழமை சுரக்காதே என்று பனைக்கு யார் போய்ச் சொல்வது என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று மதியம் நேசபாய்க்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றாள். ஜெபகனிக்கு உதவிக்குப் போங்கள் என்று கேட்டால் ஒருத்தியும் அசைய மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆளாளுக்கு அடுப்பு இருக்கிறது, ஆடு இருக்கிறது, மாமியார் இருக்கிறாள். அதனால் வேறு மாதிரி கேட்டாள். இந்தப் பிள்ளை பேச வேண்டும் என்று ஒரு ஜெபத்தைக் கையில் எடுப்போம் என்றாள். தூர இருந்து ஜெபித்தால் போதாது, பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும், அதற்கு ஒவ்வொருத்தியும் வாரத்தில் ஒருநாள் பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்றாள். கெட்டிக்காரி. ஆறு பெண்கள் முன்வந்தார்கள். திங்கள் முதல் சனி வரை ஆளுக்கொரு முறை. செவ்வாய்க்கிழமையைப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரின் மனைவி அன்னபாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதிலும் ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற குணம் அவளுக்கு.

ஜெபகனியின் நாட்கள் அதிலிருந்து மாறிப்போயின. காலையில் பானை ஏறும் நேரத்துக்கு முறைக்காரி வந்து குளோரியைக் கூட்டிக்கொண்டு போவாள். பாகைத் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி முடிக்கும் நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். கழுத்தைத் திருப்பாமல் கிண்டுவது எவ்வளவு பெரிய சுகம் என்று ஜெபகனிக்கு அந்தப் பருவத்தில்தான் தெரிந்தது. பனைநார்க் கயிறு கிணற்றுக்குப் போயிற்று. குளோரியும் சிலவற்றைக் கற்றுக்கொண்டாள். சிரட்டையைத் தானே பிடித்துக் கஞ்சி குடிக்க வந்தது. அன்னபாக்கியத்தின் மடியில் தலைவைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்க வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

பருவம் முடிந்து மறு பருவம் வந்தது. ஆறு பேரும் வந்தார்கள். ஆனால் ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி தனக்குப் பதிலாக மருமகளை அனுப்பினாள், எல்லோரும் ஜெபகனியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஏதாவது மாற்றம் கண்டியா?  இவ்வளவு செய்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை. அதனால் எதையாவது தேடிப்பிடித்துச் சொல்வாள். நேற்று நன்றாக உறங்கினாள் என்பாள். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது என்பாள். நேசபாயும் வந்து கேட்டாள், அதுவும் நின்றபடியே. ஏதோ சத்தம் போடுகிறாள் அக்கா, சிலசமயம் என்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று தோன்றும் என்றாள் ஜெபகனி. நேசபாய் அதில் தோன்றும் என்பதைக் கழித்துவிட்டு மீதியைத் தலையில் வைத்துக்கொண்டு தக்கலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து பெண்கள் வருடாந்தரக் கூடுகை தக்கலையில் நடந்தது. பல சபைகளிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோரும் அறியச் சொல்வதுதான் சாட்சி. எழுதப்படாத சட்டம் ஒன்று அதற்கு உண்டு: கஷ்டத்தில் தொடங்கலாம், கஷ்டத்திலேயே முடிக்கக் கூடாது. நேசபாய் ஜெபகனியின் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

ஜெபகனி ஆறு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர்கள் பிள்ளையை எடுத்துப் போனதைச் சொன்னாள். பிறகு, இப்போது குளோரி என்று தொடங்கி நின்றுவிட்டாள். சொல்ல ஒன்றும் இல்லை. பந்தல் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. முன்வரிசையில் போதகர் ஞானதாசன் ஐயர் தலையை உயர்த்தினார். அந்த மௌனத்தை இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஜெபகனி அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் இருந்தது நேசபாய். காப்பியை ஆறவிடாதவள் மௌனத்தை விடுவாளா? தானும் எழுந்தாள்.

"குளோரி இப்பம் அம்மாண்ணு கூப்பிடுகா," என்றாள்.

ஜெபகனி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு பந்தலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெண்கள் அழுதார்கள், பாடினார்கள். ஐயர் கைகளை உயர்த்தி நன்றி ஜெபம் செய்தார். ஆறு முறைக்காரிகளையும் எழுந்து நிற்கச் சொன்னார், நின்றார்கள். நேசபாய்க்குத் தன் புருஷன் போன நாள் முதல் அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் காலையில் பானை ஏறிய நேரத்தில் முறைக்காரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஜெபகனி குளோரியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்டியபடி வழியைப் பார்த்தாள். சனிக்கிழமைக்காரி வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது, பிள்ளைக்குச் சுகமாகிவிட்டதே, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஜெபகனிக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூட்டத்தில் இப்போது வேறொரு வீட்டுப் பிள்ளையில்லாத மருமகளுக்காக ஜெபிக்கிறார்கள். பேசுகிற பிள்ளையை எதற்கு ஒருத்தி நாளெல்லாம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? கயிறு கிணற்றிலிருந்து திரும்ப விடிலிக்கு வந்தது.

நேசபாய்க்கு இது ஒன்றும் தெரியாது. அவள் அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். போகிற இடமெல்லாம் கதை கொஞ்சம் சதை போட்டது. களியக்காவிளைச் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெண், மாங்கோட்டுவிளையில் ஊமைப்பிள்ளை சங்கீதம் பாடுகிறதாமே என்று அவளிடமே சொன்னாள். நேசபாய் திருத்தவில்லை. உள்ளுக்குள் ஒரு முள் குத்தியது. குத்திய இடத்தைத் தடவிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

திருவட்டாற்றில் ஒரு வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கியபோது, வாசலில் தாணம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வெள்ளை நாமம், இடுப்பில் ஆறு வயதுப் பையன். வைகுண்டராஜன் என்று பெயர். பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டி ஆட்டி அதையே பார்த்தான். தாங்கள் அய்யாவழிக்காரர்கள் என்றும், தங்கள் கோயிலான பதியில் மண்ணும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டதாகவும் தாணம்மாள் சொன்னாள். பேசின அந்தப் பிள்ளையை ஒருதடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றாள். நேசபாய் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நாளைக்கே வா, நானே கூட்டிப்போகிறேன் என்று அன்றிரவு அங்கேயே தங்கினாள்.

பஸ்ஸில் ஏற்றினால் பையன் அலறுவான் என்பதால் விடியுமுன் நடக்கத் தொடங்கினார்கள். தாணம்மாள் வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் எந்த எழுத்து வந்தது, சத்தமாகக் கூப்பிட்டாளா, மெதுவாகவா, தாயைப் பார்த்துக் கூப்பிட்டாளா? நேசபாயும் சொல்லிக்கொண்டே வந்தாள். தனக்குத் தெரியாததைத் தான் இவ்வளவு சரளமாகச் சொல்வதை அவளே பாதி வழியில் கவனித்தாள். அதிலிருந்து நடையை இன்னும் வேகமாக்கினாள்.

விடிலிக்குள் நுழைந்ததும் இருவரும் கண்டது கயிற்றைத்தான். குளோரி கொட்டகைக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே, பாகு தெறித்துப் பொள்ளிய தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. ஜெபகனி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தாணம்மாளையும் அவள் இடுப்பிலிருந்த பையனையும் பார்த்ததுமே அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள். துடுப்பு மட்டும் நிற்கவில்லை.

எப்போதிலிருந்து என்று நேசபாய் கேட்டாள். கூடுகைக்கு மறுநாளிலிருந்து என்றாள் ஜெபகனி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள் நேசபாய். கேட்கும்போதே குரல் தணிந்துவிட்டது.

"நீங்க எங்க இருந்திய அக்கா?" என்றாள் ஜெபகனி. "அந்தக் கதையத்தானே ஊர் ஊரா கொண்டு போனிய. நான் இல்லண்ணு சொன்னா சபைக்கு முன்ன பொய்க்காரி ஆவேன். அந்த ஆறு பேருக்க முகத்தில எப்படி முழிப்பேன்?"

பானை பொங்கி வந்தது. பாகு முறுகும் நேரம், விட்டால் கருகிவிடும். தாணம்மாள் பையனை ஓரமாக மணலில் உட்காரவைத்துவிட்டுப் போய், ஜெபகனியின் கையிலிருந்த துடுப்பை வாங்கினாள். அவள் வீட்டிலும் அக்கானிதான் காய்ச்சுகிறார்கள். ஜெபகனி கயிற்றை அவிழ்த்துக் குளோரியை மடியில் இழுத்துப் பிடித்து உட்கார்ந்தாள். நேசபாய்க்கு ஒரு வேலையும் இல்லை. நின்றாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் இடம் மாறி மாறி நின்றாள்.

பாகை இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றி முடித்த பிறகுதான் தாணம்மாள் வாய்திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை. நேசபாய் கோபத்தைத்தான் எதிர்பார்த்திருந்தாள், அது வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாற வழியெல்லாம் இவன் என்னய அம்மாண்ணு கூப்பிடுகத மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே வந்தேன்," என்றாள். "திரும்பிப் போவும்ப அது இருக்காது."

பிறகு, அந்த ஆறு பெண்கள் முறைவைத்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டதாவது உண்மையா என்று கேட்டாள். அது உண்மை, இரண்டு பருவம் வந்தார்கள் என்றாள் ஜெபகனி.

"அத ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்று நேசபாயைப் பார்த்துக் கேட்டாள் தாணம்மாள். "எனக்கு அதுவே போதுமே."

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். கூட வருகிறேன் என்று நேசபாய் நாலடி வைத்தாள், வேண்டாம் என்று தாணம்மாள் கைகாட்டிவிட்டாள்.

அந்த வாரம் நேசபாய் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஒரு வீட்டுக்குப் போகக் கிளம்பி வேறு வீட்டு வாசலில் போய் நின்றாள். ஜெபிக்க முழங்காலிட்டால், கேட்பதற்கு வார்த்தை வராமல் எழுந்தாள். முதலில் சத்தமில்லாமல் முடிக்கப் பார்த்தாள். அன்னபாக்கியம் வீட்டுக்குப் போய், ஜெபகனிக்குப் பாவம் இன்னும் ஒத்தாசை வேண்டியிருக்கிறது, பழைய மாதிரி முறைக்குப் போகக் கூடாதா என்று கேட்டாள். பேசுகிற பிள்ளைக்கு முறை எதற்கு என்று அன்னபாக்கியம் அரிசியைப் புடைத்தபடியே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். 

பிறகு ஞானதாசன் ஐயரிடம் போனாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஐயர் கெட்ட மனிதரில்லை.  அந்தச் சாட்சியைத் தானே நாலு சபைகளில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இப்போது இல்லை என்றால் பலவீனமானவர்களின் விசுவாசம் இடறும், மற்ற மதத்துக்காரர்கள் சிரிப்பார்கள், ஜெபகனியின் பெயரும் கெடும் என்றார். கர்த்தர் நினைத்தால் நாளைக்கே பிள்ளை பேசலாமே, அதுவரை பொறுத்திருப்போம் என்றார். பொறுப்பதற்குள் பிள்ளை பானையில் விழுந்தால் என்ன செய்வது என்று நேசபாய் கேட்டாள்.  அவள் வாசல்படி இறங்கும்போது, உன் வேலையையும் நினைத்துக்கொள் அம்மா என்று மட்டும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் கூட்டம். நேசபாய் முன்னால் போய் நின்றாள். ஜெபகனி கடைசி வரிசையில் குளோரியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். நேசபாய் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டாள்.

குளோரி அம்மா என்று கூப்பிடவில்லை என்றாள் நேசபாய். அன்றைக்குக் கூடுகையில் அந்த வார்த்தையைச் சொன்னது நான், ஜெபகனி இல்லை; அவள் சொல்லத் திணறியபோது நான் முந்திக்கொண்டு சொன்னேன், அவள் தலையாட்டியது எனக்குப் பயந்து என்றாள்.  ஜெபகனி முகத்தைக் குளோரியின் தலைமயிருக்குள் புதைத்துக்கொண்டாள். அன்னபாக்கியம்தான் எழுந்தாள். அப்படியானால் நாங்கள் இரண்டு பருவம் ஜெபித்தது எதற்கு, இனி என்ன ஜெபிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஜெபம் கேக்கல்ல," என்றாள் நேசபாய். "முறை கேக்கேன். அவ நாளைக்கும் இப்படித்தான் இருப்பா, அடுத்த பருவத்திலயும் இப்படித்தான் இருப்பா. ஒண்ணும் நடக்காது. அதுக்கு வருவியளா?"

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருத்தி எழுந்து போனாள், பின்னாலேயே இன்னொருத்தி. கடைசிப் பாட்டைப் பாட ஆளில்லாமல் கூட்டம் கலைந்தது. வாசலில் ஜெபகனி நேசபாயைத் தாண்டிப் போனாள்; நிற்கவில்லை. நன்றியோ கோபமோ அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நேசபாயே விடிலிக்குப் போனாள். முறைக்காரி வருகிறாளா என்று வழியில் நின்று பார்த்தாள். ஒருத்தியும் வரவில்லை. சரி, இன்றைக்கு நான் வைத்துக்கொள்கிறேன் என்று குளோரியின் கையைப் பிடித்தாள். இவ்வளவு முறைகளை ஏற்பாடு செய்தவள் தான் ஒருநாள் கூட அந்தப் பிள்ளையை வைத்திருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

குளோரி கிணற்றை நோக்கி ஓடினாள். இழுத்து வந்தால் வேலியை நோக்கி ஓடினாள். வேலியிலிருந்து பிரித்தால் நேசபாயின் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிடுங்கினால் அலறினாள். ஊட்டிய மரச்சீனிக் கிழங்கைத் துப்பினாள், துப்பியதைப் பொறுக்கித் தின்றாள். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தாள். கழுவிவிட்டு நிமிர்வதற்குள் மறுபடியும் கிணற்றை நோக்கி ஓடினாள். ஊரெல்லாம் நடந்து தேய்ந்த கால் அது. ஒரு பகலுக்குள் ஓய்ந்துபோயிற்று. நேசபாய் மணலில் உட்கார்ந்தாள். நுனியில் அல்ல, காலை நீட்டி முழுசாக. பிள்ளையை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு பருவம் அந்த ஆறு பேரும் இதைத்தானே செய்தார்கள் என்று நினைத்தாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தான் கேட்டது ஒரே கேள்வி, பிள்ளையிடம் மாற்றம் உண்டா என்பது. உனக்கு முடிகிறதா என்று ஒருத்தியிடம் கூடக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மறுபடியும் விடிலிக்கு வந்தபோது உடம்பெல்லாம் வலித்தது. ஜெபகனி அப்போதுதான் பானையை ஏற்றியிருந்தாள். முந்தின நாள் முழுவதும் அவள் நேசபாயோடு பேசவில்லை. இன்றைக்குக் குளோரியின் கையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள், அதோடு சரி. அந்த நேரத்தில்தான் பனங்காட்டு வழியில் அன்னபாக்கியம் வருவது தெரிந்தது. முகம் கடுகடு என்றிருந்தது. சண்டை போடத்தான் வருகிறாள் என்று நேசபாய் நினைத்தாள், போடட்டும் என்று நின்றாள்.

அன்னபாக்கியம் கொட்டகைக்குள் வந்தாள். குளோரி அவளைக் கண்டதும் நேசபாயின் கையை உதறிவிட்டுப் போய் அவள் இடுப்பில் முட்டிக்கொண்டாள். அன்னபாக்கியம் பிள்ளையின் முழங்கைப் புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன போட்டாய் என்று ஜெபகனியைக் கேட்டாள். தேங்காயெண்ணெய் என்றாள் ஜெபகனி. அது போதாது, வீட்டில் ஆஸ்பத்திரி மருந்து இருக்கிறது, போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நேசபாய் பக்கம் திரும்பினாள்.

"இவ பேசல்லண்ணு எனக்குத் தெரியும்," என்றாள். "செவ்வாக்கிழமதோறும் எனக்க மடியில கிடந்த பிள்ள. எனக்குத் தெரியாதா? மத்த அஞ்சு பேருக்கும் தெரியும்."

 அப்படியானால் அன்றைக்குப் பந்தலில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது எதற்கு என்று கேட்டாள் நேசபாய்.

 அன்னபாக்கியம் பதில் சொன்னபோது அந்தப் பெரிய வாத்தியார் வீட்டு மிடுக்கு குரலில் இல்லை.

"களைச்சுப் போச்சு, பைபிள் அக்கா. விட்டுட்டுப் போவ ஒரு வழி கிடைக்காதாண்ணு இருந்திச்சு. நீங்க தந்திய, நாங்க எடுத்தோம்."

அடுப்படியில் துடுப்பு நின்றது. ஜெபகனி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. களைத்துவிட்டது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா, அந்த ஒருநாள் நான் எப்படியாவது சமாளித்திருப்பேனே என்றாள். சமாளிப்பாய், கயிற்றை வைத்துத்தானே என்றாள் அன்னபாக்கியம். ஆமாம், கயிற்றை வைத்துத்தான், ஒருநாள்தானே, தினமும் இல்லையே என்றாள் ஜெபகனி.  இந்தத் தடவை நேசபாய் அதைத் தொடர்ந்த மௌனத்துக்குள் புகுந்து எதையும் சொல்லி முடிக்கவில்லை.

அன்னபாக்கியம் குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

"செவ்வாக்கிழம நான் வாறேன்," என்றாள். "முடியாத அண்ணைக்கு முடியாதுண்ணு சொல்லுவேன். அதுக்கு எனக்கிட்ட ஒரு அதிசயமும் கேக்கப்பிடாது."

கேட்க மாட்டேன் என்று நேசபாய் சொன்னாள். மற்ற ஐந்து பேரிடமும் போய் அதையே சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லுங்கள், ஆனால் பையப் போய்ச் சொல்லுங்கள் என்றாள் அன்னபாக்கியம். பின்னால் பானை பொங்கும் சத்தம் கேட்டு ஜெபகனி அடுப்புக்கு ஓடினாள்.